ஒடித்த குச்சியின் பெயர்

கிளெமாட்டிஸ் கொடியை வளர்க்கிறவர்கள் அதன் பூவுக்காகத்தான் வளர்க்கிறார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ஊதாவும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக மலர்ந்து, சுவர், வேலி, வாசல் வளைவு என்று எதைப் பிடித்தாலும் மூடிவிடுகிற கொடி. குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் அதற்குக் கொடிகளின் அரசி என்று பட்டமே கட்டியிருக்கிறார்கள். ஆனால் பெயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பூ இல்லை, நிறம் இல்லை, மணமும் இல்லை. இருப்பது ஒரு குச்சி. அதுவும் யாரோ ஒடித்துப் போட்ட குச்சி.

கிரேக்கத்தில் 'கிளாவோ' என்ற வினைக்கு ஒடித்தல், முறித்தல் என்று பொருள். அதிலிருந்து பிறந்தது 'கிளேமா'. திராட்சைக் கொடியில் நீண்டு வளரும் கிளைத்தண்டு, ஒடித்து மண்ணில் ஊன்றினால் இன்னொரு கொடியாகிவிடும் தண்டு. முருங்கைப் போத்தை ஒடித்து வேலியோரம் நடுகிற எவருக்கும் இந்தச் சொல்லின் உட்பொருள் உடனே பிடிபடும். தாய்ச்செடியில் இருக்கும்போது அது கிளை. ஒடித்த பிறகுதான் அது கன்று.

தமிழில் இதற்கு ஓர் ஒப்புமை இருக்கிறது. 'முறி' என்றால் ஒடி. அதே 'முறி' சங்க நூல்களில் தளிரையும் குறிக்கிறது. ஒடிப்பதும் துளிர்ப்பதும் ஒரே எழுத்துக் கூட்டில் நிற்கின்றன. முறி பிறகு துண்டாகி, ஓலைத்துண்டாகி, அந்த ஓலையில் எழுதிய ஆவணமும் ஆயிற்று. இலங்கையில் கடன்பத்திரத்தைக் குறிக்கும் 'பிணைமுறி' வரைக்கும் அந்தச் சொல் நடந்து வந்திருக்கிறது. கிரேக்கத்து 'கிளாவோ'வின் பிள்ளைகளும் இதேபோல் வெகுதூரம் போயிருக்கிறார்கள். சிலைகளை உடைப்பவனை ஐரோப்பிய மொழிகள் 'ஐகனோகிளாஸ்ட்' என்பதில் பின்பாதி இந்த ஒடித்தல்தான். இளங்குச்சிக்குக் கிரேக்கத்தில் இன்னொரு சொல் 'கிளோன்'. 1903இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த ஹெர்பர்ட் வெப்பர், விதையில்லாமல் குச்சி, ஒட்டு, கிழங்கு வழியாகப் பெருக்கும் செடிகளுக்குப் பொதுப்பெயர் ஒன்று வேண்டும் என்று இந்தச் சொல்லை எடுத்தார். டாலி என்ற ஆடு பிறந்த பிறகு 'குளோனிங்' என்றால் ஆய்வுக்கூடமும் கண்ணாடிக் குப்பியும் என்று ஆகிவிட்டது. பிறந்த இடம் நாற்றங்கால்.

ஆக, கிளெமாட்டிஸும் குளோனும் ஒரு வேரில் வந்த பங்காளிகள். பொருளிலும் அப்படித்தான். இன்று உலகத்தில் எங்கே 'நெல்லி மோசர்' என்ற கிளெமாட்டிஸ் பூத்தாலும் அது 1897இல் வெர்சாயில் மார்செல் மோசர் விற்பனைக்குக் கொண்டுவந்த அந்த ஒரே செடியின் குச்சி, அதன் குச்சி, அதன் குச்சி. விதை போட்டால் நெல்லி மோசர் வராது, வேறேதோ வரும்.

இதில் தோட்டக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான செடிகளில் குச்சி வெட்டும்போது கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டச் சொல்வார்கள், வேர் கணுவில்தான் கிளம்பும் என்பதால். கிளெமாட்டிஸ் இரண்டு கணுக்களுக்கு நடுவில் உள்ள வெற்றுத்தண்டிலிருந்தே வேர்விடும். அதனால் மேலே ஒரு கணு, அதில் எதிரெதிரான இரண்டு மொட்டுகள், கீழே விரல் நீளத் தண்டு என்று எடுத்தால் போதும். ஒரே கொடியிலிருந்து நிறையக் கன்றுகள் கிடைக்கும். பெயருக்கு ஏற்ற பிள்ளை.

'கிளேமா'விலிருந்து 'கிளேமாட்டிஸ்' வந்த வழியில் ஒரு போர்க்களம் குறுக்கிடுகிறது. கி.மு. 413இல் சிசிலித் தீவின் சிரக்கூஸ் துறைமுகத்தில் ஏதென்ஸின் கடற்படை மாட்டிக்கொண்டிருந்தபோது, சிரக்கூஸ்காரர்கள் ஒரு பழைய சரக்குக் கப்பலில் எரிபொருளை நிரப்பித் தீ வைத்து, காற்று வாக்கில் எதிரிக் கப்பல்களை நோக்கி விட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் துசிடிடஸ் எழுதுகிறார். ஏதெனியர்கள் எப்படியோ தீயை அணைத்துத் தப்பினார்கள். அந்தக் கப்பலில் நிரப்பியவை இரண்டு: பிசின் ஊறிய பைன் விறகு ஒன்று, மற்றொன்று 'கிளேமாட்டிதெஸ்', அதாவது கிளேமாட்டிஸ் என்பதன் பன்மை. பூங்கொடியைக் கப்பலில் ஏற்றவில்லை. சொல்லுக்கு அன்று சுள்ளிக்கட்டு என்று பொருள். திராட்சைத் தோட்டத்தில் ஆண்டுதோறும் வெட்டித் தள்ளுகிற குச்சிகளைக் கட்டாகக் கட்டி அடுப்புக்கு வைத்துக்கொள்வார்களே, அது. பிரான்சின் போர்தோப் பகுதியில் இன்றும் காய்ந்த திராட்சைச் சுள்ளியில் இறைச்சி வாட்டுகிறார்கள். அந்தச் சுள்ளியை அவர்கள் 'சார்மான்' என்கிறார்கள். லத்தீனில் 'சர்மெந்தும்', வேர்ச்சொல்லின் பொருள் கிளை கழித்தல். கிரேக்கன் ஒடித்ததையும் ரோமன் கழித்ததையும் வைத்து ஒரே பொருளுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள். இரண்டு பெயருமே வளர்ந்ததைப் பார்த்து வைத்த பெயர்கள் அல்ல, வெட்டியதைப் பார்த்து வைத்தவை.

கவாத்து என்ற நம் சொல்லை இங்கே கொண்டுவராமல் இருக்க முடியவில்லை. நீலகிரியிலும் இலங்கை மலையகத்திலும் தேயிலைத் தோட்டத்தில் கவாத்துக்கத்தி பிடித்தவர்களுக்கு அது செடி வெட்டுதல். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சை விவசாயிக்கும் அப்படியே. பழைய பட்டாளத்துக்காரர்களுக்கோ கவாத்து என்றால் அணிவகுத்துப் பயிற்சி செய்வது. அது உருதுவின் 'கவாயித்' வழியாக வந்தது. செடி வெட்டுவதும் சிப்பாய்க்குப் பயிற்சி கொடுப்பதும் தமிழில் ஒரே ஒலியில் அமைந்தது தற்செயலாகவே இருக்கட்டும். ஆனால் ரோமப் படையில் நூற்றுவர் தலைவன் கையில் ஒரு திராட்சைக்கோல் இருக்கும். அது அவன் பதவிக்கு அடையாளம். ஒழுங்கு தவறிய வீரனின் முதுகில் விழுவதும் அதுவே. அந்தக் கோலுக்குக் கிரேக்க ஆசிரியர்கள் எழுதிய சொல் 'கிளேமா'.

கிளேமாவை உலகம் முழுக்கப் படிக்கவைத்த நூல் யோவான் எழுதிய சுவிசேஷம். அதன் 15ஆம் அதிகாரத்தில் இயேசு தம்மைத் திராட்சைச் செடியாகவும் சீடர்களை அதன் கிளைகளாகவும் சொல்லும் இடத்தில், அந்தக் கிளைகளுக்கு மூலத்தில் உள்ள சொல் கிளேமாதான். கனி தராததை வெட்டி எறிவதும் கனி தருவதை இன்னும் கனி தரும்படி கழித்துவிடுவதும் அங்கேயே வருகின்றன. கழித்துவிடுவதற்கான கிரேக்க வினைக்குத் தூய்மை செய்தல் என்றும் பொருள். பழைய தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் கிளேமாவுக்குக் 'கொடி' என்று போட்டார்கள். அகராதிப்படி பார்த்தால் 'கிளை' என்றுதான் வந்திருக்க வேண்டும். கொடி என்று எழுதியவர் திராட்சையைப் பார்த்தவர் என்று நினைக்கிறேன். மரத்துக்குத்தான் கிளை, திராட்சையில் நீண்டு படர்வது கொடியே.

சுள்ளிக்கட்டு எப்போது செடியாயிற்று? கி.பி. முதல் நூற்றாண்டில் மருந்துச் செடிகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய தியோஸ்கோரிதெஸ் காலத்துக்குள் அது நடந்துவிட்டது. ஆனால் அவர் கிளேமாட்டிஸ் என்று முதலில் விவரிப்பது நாம் பேசும் கொடியை அல்ல. தரையோடு படரும் வின்கா என்ற செடியைத்தான் என்று பின்னால் வந்தவர்கள் கண்டார்கள். நம் நித்தியகல்யாணிக்கு அது நெருங்கிய சொந்தம். நித்தியகல்யாணியே வெகுகாலம் வின்கா என்ற பெயரில்தான் இருந்தது. வேறொரு கிளேமாட்டிஸையும் அவர் சொல்கிறார், அதுதான் நம் கொடியாக இருக்கலாம் என்பது பொதுவான கருத்து. ஆடுதீண்டாப்பாளையின் ஐரோப்பிய உறவு ஒன்றுக்கும் அவர் காலத்திலேயே 'கிளேமாட்டிதிஸ்' என்று அடைமொழி. திராட்சைக் குச்சிபோல் நீண்ட தண்டு எதில் இருந்ததோ அதற்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்டியிருக்கிறார்கள். 1753இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு இருசொற்பெயர் கொடுத்து ஒழுங்குபடுத்தியபோது வின்காவிடமிருந்து பெயர் பறிபோயிற்று; ஆடுதீண்டாப்பாளையின் சொந்தம் மட்டும் அதை இரண்டாம் பெயராக வைத்துக்கொண்டது.

லின்னேயஸ் கிளெமாட்டிஸ் என்ற பேரினத்துக்குள் வைத்த ஐரோப்பியக் கொடிகளின் இரண்டாம் பெயர்களைப் பாருங்கள். ஒன்று 'வித்தால்பா', லத்தீனில் வெண்திராட்சைக்கொடி என்ற இரண்டு சொற்கள் ஒட்டியது. இன்னொன்று 'வித்திசெல்லா', சின்னத் திராட்சைக்கொடி. கிரேக்கத்துத் திராட்சைக்குச்சி முன்னே, லத்தீன் திராட்சைக்கொடி பின்னே. தாவரவியல் ரீதியாக இதற்கும் திராட்சைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது. இது ரனன்குலேசியே குடும்பம், அது வைட்டேசியே. சொந்தமில்லாத வீட்டின் பெயரை இரண்டு மொழியில் சூட்டிக்கொண்ட செடி. ஜெர்மானியரும் விடவில்லை, 'வால்ட்ரேபெ' என்றார்கள், காட்டுத் திராட்சைக்கொடி.

மூன்றாவது ஒன்று 'ஃபிளாமுலா', சிறுதீ. சுள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கிளெமாட்டிஸின் பச்சைத் தண்டை நசுக்கினால் வரும் சாறு தோலில் பட்டால் எரியும், கொப்புளிக்கும். புரோட்டோஅனிமோனின் என்ற பொருள் செய்யும் வேலை அது. பிரெஞ்சில் வித்தால்பாவுக்குப் 'பிச்சைக்காரர் பூண்டு' என்று ஒரு பெயர் உண்டு. இரக்கம் சம்பாதிப்பதற்காகப் பிச்சைக்காரர்கள் இந்தச் சாற்றைத் தோலில் தேய்த்துப் புண்ணை வரவழைத்துக்கொள்வார்களாம். கவாத்துச் செய்கிறவர்கள் கையுறை போட்டுக்கொள்வதற்கு இதுவே காரணம். அதே செடிக்கு இங்கிலாந்தில் ஜான் ஜெரார்ட் 1597இல் வெளியிட்ட மூலிகை நூலில் வைத்த பெயர் 'வழிப்போக்கர் மகிழ்ச்சி'. சாலையோர வேலிகளை அலங்கரித்து நடந்து போகிறவர்களுக்கு உவகை தருவதால் அப்படி அழைத்ததாக அவரே காரணம் சொல்லியிருக்கிறார். ஒரே கொடி, கால்வாய்க்கு இந்தப்பக்கம் மகிழ்ச்சி, அந்தப்பக்கம் புண். பூ உதிர்ந்த பிறகு விதைகள் வெண்பஞ்சு வாலோடு கொத்துக்கொத்தாக நிற்பதால் 'கிழவன் தாடி' என்ற பெயரும் ஆங்கிலத்தில் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். ஜெரார்டின் பெயரில் கொஞ்சம் உபசாரம் தெரிகிறது.

கிழக்கே போனால் திராட்சை மறைந்துவிடுகிறது. சீனாவிலிருந்து ஜப்பானுக்கு வந்த ஃபுளோரிடா என்ற இனத்துக்கு ஜப்பானியர் வைத்த பெயர் 'தெஸ்ஸென்', இரும்புக்கம்பி. மெலிந்து, கறுத்து, விறைப்பாக நிற்கும் அதன் தண்டைப் பார்த்தால் பெயர் சரிதான். சீனத்திலும் அதே கம்பி, தாமரையோடு சேர்ந்து 'இரும்புக்கம்பித் தாமரை' ஆயிற்று. ஜப்பானிலேயே வளரும் பேட்டன்ஸ் என்ற இனத்துக்கு 'காசகுருமா'. குழந்தைகள் ஊதிச் சுற்றும் காற்றாடி. நான் பார்த்தவரை பூவைப் பார்த்துப் பெயர் வைத்தவர்கள் சீனரும் ஜப்பானியரும்தான். அதற்குக் காரணமும் இருக்கிறது. ஐரோப்பாவின் காட்டுக் கிளெமாட்டிஸ்களில் பூ சிறியது. அகலமான பூ கிழக்கில்தான் இருந்தது.

அந்த அகலம் மேற்கே வந்த கதை 19ஆம் நூற்றாண்டினுடையது. பேட்டன்ஸ் 1830களில் ஸீபோல்ட் வழியாக ஜப்பானிலிருந்து வந்தது. 1850இல் செடி சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவின் நிங்போ அருகே லனுஜினோசா என்ற இனத்தைக் கண்டு அனுப்பினார். பூ அகலமானது, இலையின் அடியில் கம்பளி ரோமம். சர்ரே மாவட்டத்தின் வோக்கிங்கில் நாற்றங்கால் வைத்திருந்த ஜாக்மன் குடும்பம் 1858இல் இதை வித்திசெல்லா வழி வந்த கொடிகளோடு கலந்தது. 1862இல் பூத்தது கருநீல ஊதா. மறு ஆண்டே அரச தோட்டக்கலைச் சங்கத்தின் முதல்தரச் சான்றிதழ் கிடைத்தது. ஜாக்மனி என்ற அந்தக் கொடி இன்றும் விற்கிறது. 1872இல் தாமஸ் மூரும் ஜார்ஜ் ஜாக்மனும் சேர்ந்து கிளெமாட்டிஸைத் தோட்டமலராக வளர்ப்பது பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். பெரிய பூ கொண்டுவந்த மோகத்தோடு ஒரு நோயும் வந்தது. நன்றாக வளர்ந்து மொட்டோடு நிற்கும் கொடி திடீரென்று தொங்கிக் கறுத்துவிடும். காரணமான பூஞ்சைக்கு காலோஃபோமா கிளெமாட்டிடினா என்று பெயர். அங்கேயும் அந்தக் குச்சி ஒட்டிக்கொண்டது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நாற்றங்கால்கள் இதனால் பெரும் இழப்பைக் கண்டன. இதற்கு இன்றுவரை தோட்டக்காரர்கள் நம்புவது கத்தியைத்தான். கருகிய தண்டை நல்ல பகுதி வரை, தேவைப்பட்டால் தரைமட்டம் வரை வெட்டி எரித்துவிட வேண்டும். நடும்போதே கன்றைச் சட்டியில் இருந்ததைவிட 5 செ.மீ.க்கு மேல் ஆழமாக இறக்கி நட்டிருந்தால், மண்ணுக்குள் இருக்கும் கணுக்களிலிருந்து புதிய தண்டுகள் எழும்பும். சிறுபூ இனங்களை இந்த நோய் அவ்வளவாகத் தொடுவதில்லை.

சொல்லின் கதை கத்தியிடம் வந்துவிட்டது. கிளெமாட்டிஸ் வளர்ப்பவர்களைக் குழப்புவது கவாத்துத்தான். இங்கிலாந்தில் இதை மூன்று பிரிவாகப் பிரித்திருக்கிறார்கள். பிரிவு எண்ணை மனப்பாடம் செய்கிறவர்கள் மறந்துபோகிறார்கள். எந்தக் குச்சியில் பூ வருகிறது என்று கேட்கிறவர்களுக்குக் கையே வழி சொல்லிவிடும். கேள்வி பழைய கிளேமாவைப் பற்றியதுதான்: போன ஆண்டுக் குச்சியா, இந்த ஆண்டுக் குச்சியா?

மொன்டானா, ஆல்பினா போன்றவை வசந்தத்தில் பூப்பவை. பூமொட்டு போன கோடையிலேயே பழைய தண்டில் உருவாகிவிட்டது. குளிர்காலக் கடைசியில் சுத்தம் செய்கிறேன் என்று கத்தியை எடுத்தால் அந்த ஆண்டுப் பூ முழுவதையும் வெட்டி எறிந்துவிடுவோம். பூத்து ஓய்ந்த பிறகு, இடம் மீறிப் படர்ந்ததை மட்டும் கழிக்க வேண்டும். அதையும் விட்டால் மொன்டானா ஓடு வரைக்கும் ஏறிவிடும்.

ஜாக்மனியும் வித்திசெல்லா வகைகளும் நேர் எதிர். அவை பூப்பது அந்த ஆண்டு மண்ணிலிருந்து எழுந்து வந்த புதுக்கொடியின் நுனியில். சர்ரேயில் பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ, தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில், பருத்த ஒரு ஜோடி மொட்டுக்கு மேலே வெட்டிவிடுகிறார்கள். பார்ப்பவர்களுக்குப் பதறும். வெட்டாமல் விட்டால் என்ன ஆகும்? கீழ்ப்பகுதி முழுவதும் வைக்கோல் நிறத்தில் வெறுங்கம்பியாகி, பூவெல்லாம் உச்சியில் போய் அண்டை வீட்டாரைப் பார்த்துப் பூக்கும். கம்பத்தில் பன்னீர்த் திராட்சை வைத்திருப்பவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். திராட்சையும் புதிதாக வெடித்துவரும் கொடியில்தான் குலை தள்ளும். வெட்டினால்தான் அறுவடை, வெட்டுகிற நாளே அறுவடை நாளைத் தீர்மானிக்கிறது. கிளேமா என்று பெயர் வைத்த கிரேக்க விவசாயிக்கும் இதே கணக்குத்தான்.

நடுப்பிரிவுதான் சிக்கல். நெல்லி மோசர், 'பிரெசிடென்ட்' மாதிரியான பெரும்பூக்கள் கோடைத் தொடக்கத்தில் பழைய தண்டிலிருந்து கிளம்பும் சிறு கிளைகளில் ஒருமுறை பூக்கும். கோடை முடிவில் புதுத் தண்டில் இன்னொருமுறை, சற்றுச் சிறிதாக. ஒரேயடியாக வெட்டினால் முதல் பூப்புப் போகும், வெட்டாவிட்டால் புதர் மண்டும். காய்ந்ததையும் மெலிந்ததையும் எடுத்துவிட்டு, மற்றதை மேலிருந்து கீழே தொட்டுக்கொண்டே வந்து, முதலில் தட்டுப்படும் நல்ல மொட்டு ஜோடிக்கு மேல் நிறுத்துவது வழக்கம். இலைகள் எதிரெதிராக இருப்பதால் மொட்டு எப்போதும் ஜோடிதான். எந்தப் பிரிவு என்று தெரியாத கொடி வீட்டில் இருந்தால், ஓராண்டு கத்தியைத் தொடாமல் எப்போது எங்கே பூக்கிறது என்று பார்ப்பதே உத்தமம். புதிதாக நட்ட கன்று மட்டும் எந்தப் பிரிவானாலும் முதல் வசந்தத்தில் 30 செ.மீ.க்கு வெட்டுப்படும், அடியிலிருந்து பல தண்டுகள் கிளம்பட்டும் என்று.

கொடி எதைப் பிடித்து ஏறுகிறது என்பதும் கத்தி பிடிக்கிறவருக்குத் தெரிய வேண்டியது. அவரைபோல் தண்டு சுற்றுவதில்லை, பாகல்போல் பற்றுச்சுருளும் இல்லை. இலைக்காம்பே வளைந்து பிடித்துக்கொள்கிறது. சார்லஸ் டார்வின் 1865இல் ஏறுகொடிகள் பற்றி எழுதிய நீண்ட ஆய்வுரையில் இலையால் ஏறும் கொடிகளின் பகுதியைக் கிளெமாட்டிஸில்தான் தொடங்குகிறார். காம்பில் மெல்லிய நூல் வளையத்தைத் தொங்கவிட்டு, அந்தச் சிறு எடைக்கே காம்பு வளைவதைப் பார்த்து எழுதினார். பிடித்த பிறகு அந்தக் காம்பு தடித்து இறுகிவிடும். ஆகவே பருத்த குழாயோ மரமோ இதற்குப் பயன்படாது, காம்பு சுற்றிவரும் அளவுக்கு மெல்லிய கம்பியோ வலையோ வேண்டும். வெட்டிய கொடியை இழுத்து எடுக்க முயன்றால் வலையும் கூடவே வரும்; துண்டு துண்டாக நறுக்கித்தான் எடுக்க வேண்டும்.

மலர்வகைகளுக்குப் பெயர் வைத்தவர்கள் குச்சியை மறந்து மனிதர்களிடம் போய்விட்டார்கள். சீமாட்டி, பிரபு, படைத்தலைவர் என்று பழைய விலைப்பட்டியல்கள் அரண்மனை விருந்தினர் பட்டியலைப்போல் இருக்கின்றன. இதில் தனியாக நிற்பவர் வார்சாவில் இயேசு சபைத் துறவியாக இருந்த சகோதரர் ஸ்டெஃபான் ஃபிரான்சாக். மடத்துத் தோட்டத்தில் கிளெமாட்டிஸ் வகைகளை உருவாக்கி, 'வார்ஷாவ்ஸ்கா நீகெ', 'யான் பாவெல் இரண்டு' என்று போலந்துப் பெயர்களையே சூட்டினார். 'ப்வெங்கித்னி ஆனியோவ்' என்ற வெளிர்நீல வகையை ஆங்கில வணிகர்களின் நாக்கு ஏற்கவில்லை, அதை 'புளூ ஏஞ்சல்' ஆக்கி விற்கிறார்கள். 2009இல் அவர் காலமானார். யோவான் 15ஐ ஓதிவிட்டுக் கத்தரியோடு தோட்டத்துக்குப் போயிருக்கக்கூடிய ஒரே கிளெமாட்டிஸ் வல்லுநர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

இந்தியாவுக்கு வந்தால் மொன்டானா இமயமலைக்காரி. தாவரவியலாளர் புக்கானன் ஹாமில்டன் அறிமுகப்படுத்திய பெயர், மலைக்குரியது என்று பொருள். 1831இல் லேடி ஆம்ஹெர்ஸ்ட் வழியாக இங்கிலாந்துக்குப் போய், இன்று அங்கே பாதி வீடுகளின் சுவரில் ஏறியிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் தானாக வளரும் கிளெமாட்டிஸ்கள் வேறு. கௌரியானா என்ற வெண்பூக்கொடி நம் மலைகளில் சாதாரணம். பெயரில் பார்வதி இல்லை, வங்காளத்தின் பழைய தலைநகர் கௌர் இருக்கிறது. தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் வைத்த பெயர். வைட்டியானா என்ற இன்னொன்று சென்னை மாகாணத்தில் மருத்துவராகவும் தாவரவியலாளராகவும் வேலை பார்த்து, கோவையில் பருத்திச் சோதனைகளையும் நடத்திய ராபர்ட் வைட்டின் பெயரைச் சுமக்கிறது. அவர் வெளியிட்ட படங்களை வரைந்தவர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். அவர்கள் பெயரில் ஒரு கிளெமாட்டிஸ் இருந்திருக்கலாம்.

மராத்தியில் காட்டுக் கிளெமாட்டிஸுக்கு 'மோர்வேல்' என்று பெயர். வேல் என்றால் கொடி. இந்தச் சொல்லின் இன்னொரு வடிவம் இலங்கையில் இருக்கிறது, சிங்களத்து 'வெல்'. வடமொழி, பாலி 'வல்லி' இரண்டுக்கும் மூலம். நாமும் வல்லி என்கிறோம். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக 1672இல் கொழும்புக்கு வந்த பால் ஹெர்மன் அங்கே சேகரித்த உலர்செடிகளை வைத்து லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவர நூல் எழுதினார். அந்த இலங்கைச் செடிகளில் ஒன்று சிங்களர் 'நரவெல்' என்று அழைத்த கொடி. லின்னேயஸ் அதை அத்ரஜெனே என்ற பேரினத்தில் வைத்தார். தாவரவியலாளர்களான அடான்சனும் பின்னர் டி கன்டோலும் அது தனிப் பேரினம் என்று பிரித்து, ஊர்ப்பெயரையே லத்தீனாக்கி 'நரவேலியா' என்றார்கள். தமிழ்நாட்டின் மேற்கு, கிழக்கு மலைக்காடுகளிலும் இருக்கிறது. இரண்டு சிற்றிலைகள், மூன்றாவது இருக்க வேண்டிய இடத்தில் பற்றுச்சுருள், மஞ்சள் கலந்த சிறுபூ, கிளெமாட்டிஸுக்கு உள்ளதுபோலவே பஞ்சு வாலுள்ள விதை. மலையாளத்தில் வாதக்கொடி.

பின்னர் மரபணு வரிசைகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் நரவேலியா தனியாக நிற்கவில்லை, கிளெமாட்டிஸின் நடுவிலேயே கிடக்கிறது என்று கண்டார்கள். அதனால் தாவரவியலாளர் புவாரே எப்போதோ வைத்திருந்த கிளெமாட்டிஸ் சைலானிக்கா என்ற பெயருக்கு மறுவாழ்வு கிடைத்தது. வகைப்பாட்டு நியாயம் அவர்கள் பக்கம்தான். ஆனால் இங்கே தள்ளப்பட்ட பெயரிலும் கொடி இருந்தது, வந்து உட்கார்ந்த பெயரிலும் கொடி இருக்கிறது. முன்னது காட்டில் வளர்வதைப் பார்த்தவன் வைத்தது, பின்னது வெட்டிக் கட்டியதைப் பார்த்தவன் வைத்தது. இந்தியத் தாவரப் பட்டியல்கள் பலவற்றில் இன்னும் நரவேலியா என்றே அச்சாகிறது, திருத்தச் சொல்லி நான் யாருக்கும் எழுதப்போவதில்லை.